இத்தாலியில் விழுந்த சொற்கள்

நுரைச்சோலைச் சந்தியில் மஸாஹிரின் போன் கடை இருக்கிறது. முன்பக்கம் மஸாஹிர் நிற்பார். பின்னால், திரைச்சீலை போட்ட சின்ன அறைக்குள் அவருடைய மனைவி றைஸா. இந்தப் பக்கத்துப் பெண்கள் தங்கள் போனை ஓர் ஆணின் கையில் கொடுத்துவிட்டு நிற்க விரும்புவதில்லை. மஸாஹிர் அதைக் கடை திறந்த புதிதிலேயே கண்டுகொண்டார். அதனால்தான் அந்தத் திரைச்சீலை.

வருகிறவர்கள் றைஸாவிடம் எந்த பிரவுசர் நல்லது என்று கேட்பார்கள். இணையத்துக்குள் போகும் கதவு அது. போனோடு ஒன்று வரும், பிடிக்காவிட்டால் வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். கடலுக்குப் போகிறவர்களின் மனைவிமார் டேட்டா குறைவாகத் தின்பதைக் கேட்பார்கள். கரையை விட்டு விலகி சிக்னல் மெலிந்த இடத்திலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் பக்கம் திறக்கவேண்டும். படிக்கிற பிள்ளைகளுக்கு விளம்பரம் குறுக்கே வராதது வேண்டும். வயதானவர்கள் போனோடு வந்ததே போதும் என்பார்கள். காரணம் எதுவும் சொல்லாமல், "வேற ஒண்டு போட்டுத் தாங்க" என்று மட்டும் சொல்லும் பெண்களும் உண்டு. அவர்களிடம் றைஸா ஏன் என்று கேட்பதில்லை.

டயனாவும் அப்படிக் கேட்டவள்தான். ஆனால் அவள் காரணத்தைச் சொன்னாள். முதலில் றைஸாவிடம், வெகுநாள் கழித்து இதை எழுதுகிற என்னிடம்.

டயனா சிலாபத்துப் பிள்ளை. கிளைட்டனைக் கட்டிக்கொண்டு நுரைச்சோலைக்கு மேற்கே உள்ள கடலோரக் குடியிருப்புக்கு வந்தாள். மாமியார் மக்தலேனாவின் வளவுக்குள்ளேயே பாதி கட்டி முடித்த கல்வீடு ஒன்றில் இருவரும் குடியிருந்தார்கள். கூரைக்கு மேலே அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு தெரியும். கிளைட்டனுக்குப் பங்கில் ஒரு படகு இருந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற அந்த வருடம் படகு மணலில் ஏறியது, பிறகு இறங்கவில்லை. இத்தாலியில் இருந்த தாய்மாமன் வழியாக கிளைட்டனுக்கு வீசா கிடைத்தது. அங்கே நடக்க முடியாத ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, கூடவே தங்கியிருக்கும் வேலை.

போவதற்கு முன்பு சிலாபத்தில் புதுப் போன் ஒன்று வாங்கி வந்தான். கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவனே எல்லாவற்றையும் போட்டான்.

"இதுக்கு எக்கவுண்ட் ஒண்டு வேணும்," என்றான். "என்ர பேரில இருக்கிறதையே போட்டு விடுறன். உனக்கு ஏன் இந்தச் சிக்கல்?"

"ஓம், நீங்களே போடுங்க. எனக்கு இதெல்லாம் விளங்காது."

உண்மையில் அவளுக்கு விளங்கும். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரை நன்றாகப் படித்தவள். ஆனால் வெளிநாட்டுக்குப் போகப் போகிற மனுசன் தனக்காக ஒரு மாலை முழுவதும் குனிந்து உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதைக் குலைக்க அவள் விரும்பவில்லை.

அவன் போன பிறகு போன்தான் அவளுக்குத் துணை. மனதில் வந்ததையெல்லாம் அதில் எழுதித் தேடுவாள். வெள்ளைச் சட்டையில் கறை போவதற்கு என்ன செய்வது, கணவாய்க் கறி இறுகாமல் இருக்க என்ன செய்வது, இத்தாலியில் இப்போது குளிரா. ஒரு நாள் குதிகால் வெடிப்புக்கு என்ன பூசலாம் என்று தேடினாள். அன்றைக்கு அழைத்தபோது கிளைட்டன் எடுத்த எடுப்பில், "காலில வெடிப்பு கூடிட்டுதா? தேங்காய் எண்ணெய் பூசு," என்றான்.

டயனாவுக்கு ஆச்சரியம். "உங்களுக்கு யார் சொன்னது?"

"எனக்குத் தெரியாமல் உனக்கு ஒரு நோ நொடி வருமா?"

அந்த ஒரு வசனத்தை அவள் பல நாட்கள் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஞாயிறு பூசை முடிந்து பெண்கள் கூடி நிற்கும்போது சொன்னாள். "என்ர மனுசன் அங்க இருந்தாலும் என்ர குதிகால் வெடிப்பு கூட அவருக்குத் தெரியுது." கேட்டவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அவர்களுடைய கணவன்மார் ஒரே வீட்டில் இருந்துகொண்டே எதையும் கவனிக்காதவர்கள்.

அல்பொன்சா மட்டும் சிரித்தாள். "உன்ர மனுசன் மந்திரம் கிந்திரம் படிச்சிருக்கிறாரோ, தெரியாது."

அல்பொன்சா பக்கத்து வளவுக்காரி. புருசன் விட்டுப் போனவள். கற்பிட்டியில், வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக்கொண்டு களப்புத் தண்ணீரில் வழுக்கி விளையாடுகிற பக்கத்து ஹோட்டல் ஒன்றில் சமையலறை வேலை. காலையில் பஸ்ஸில் போவாள், பொழுது சாயும்போது வருவாள். வாய் கொஞ்சம் கூட. மக்தலேனாவுக்கு அவளைக் கண்ணில் காட்டக்கூடாது. "ஆம்பிளை இல்லாத வீடு" என்று பொதுவாகச் சொல்வதுபோல் சொல்லுவாள். ஆனால் டயனா அந்த ஊருக்கு வந்த காலத்தில், யாரிடம் மீன் வாங்கலாம், யாரிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவள் அல்பொன்சாதான். இருவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று மீன் கழுவிக்கொண்டே மணிக்கணக்கில் கதைப்பார்கள்.

ஹோட்டலில் இன்னொரு ஆள் தேவைப்பட்டபோது அல்பொன்சா டயனாவைக் கூப்பிட்டாள். டயனாவுக்கு ஆசை வந்தது. வீட்டில் யாருக்கும் சொல்லாமல், வெளிநாட்டு விருந்தினரிடம் ஆங்கிலத்தில் எப்படிப் பேசுவது என்று போனில் தேடினாள். காது வரைக்கும் வெட்டிய முடி தனக்கு எப்படி இருக்கும் என்று படங்கள் பார்த்தாள். 

அந்த வாரம் கிளைட்டனின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஹோட்டல்ல வெள்ளைக்காரனுக்குச் சாப்பாடு வைக்கிற யோசனையா?"

"இல்ல, சும்மா ஒரு கதை…"

"முடியையும் வெட்டிக்கொண்டு போகப் போறியோ?"

முடியைப் பற்றி அவள் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தாள். போனை வைத்துவிட்டு வேலியடிக்குப் போனாள். "அல்பொன்சா, நீ மாமிட்ட ஏதாவது வாய் விட்டியா?"

"நானா? உன்ர மாமி என்ர முகத்தைப் பார்த்தால் அண்டைக்கு முழுக்கச் செபமாலை சொல்லுவா. நான் போய்க் கதைக்கிறதா?"

டயனா நம்பினாள், அல்லது நம்பியதாக நினைத்தாள். வேலைக்குப் போகவில்லை. முடியும் வெட்டவில்லை.

அடுத்த நத்தார்ப் பண்டிகைக்கு கிளைட்டன் லீவில் வந்தான். வீட்டுக்குக் கூரைத் தகரம் போட்டான், அவளைத் தலவில கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். புனித அன்னம்மாளிடம் பிள்ளை வரம் கேட்டு மெழுகுதிரி கொளுத்தினார்கள். கலியாணம் கட்டி ஐந்தாறு வருடமாகியும் வயிறு திறக்கவில்லை என்ற கதை மக்தலேனாவின் வாயில் எப்போதும் இருந்தது. அவன் இத்தாலிக்குத் திரும்பிப் போன சில வாரங்களில் டயனாவுக்கு நாள் தள்ளியது. கிளைட்டன் வீடியோவில் அழுதான். பெயர்கள் அனுப்பினான். மக்தலேனா தன் கையால் மீன் முள் எடுத்துக் கொடுத்தாள்.

டயனாவின் வாழ்க்கையில் எல்லோரும் அவளோடு நல்லமாக இருந்த காலம் அது ஒன்றுதான். மூன்று மாதம் கூட முழுதாக இல்லை.

அன்று மக்தலேனா முதல் நற்கருணைக் கொண்டாட்டம் ஒன்றுக்காகச் சிலாபம் போயிருந்தாள். காலையில் கிணற்றடியில் குனிந்தபோது டயனாவுக்கு அடிவயிற்றில் பிடித்திழுத்தது. சேலையில் இரத்தம். உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போனை எடுத்தாள். கரு கலைந்தால் என்ன அடையாளம் இருக்கும் என்று கேட்கத்தான் நினைத்தாள். 'கரு கலை' வரைக்கும் எழுதுவதற்குள், அதற்குக் கீழே பிரவுசர் தானாகவே வசனங்களை நிரப்பி நீட்டியது. முதலாவதாக நின்றது: 'கரு கலைப்பது எப்படி'. ஈரக் கை. விரல் வழுக்கி அந்த வரியின் மேல் விழுந்தது.

கலைவது தானாக நடப்பது. கலைப்பது ஒருவர் செய்வது. தமிழில் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓரிரு எழுத்து.

திறந்த பக்கத்தைப் பார்த்ததும் அவள் பதறி மூடினாள். பிறகு நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, 'மூன்றாம் மாதம் இரத்தம் பட்டால் என்ன செய்வது' என்று எழுதினாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும் என்று வந்தது. எழுந்து வேலியடிக்குப் போய் அல்பொன்சாவைக் கூப்பிட்டாள். அன்று அவளுக்கு லீவு நாள்.

ஓட்டோ பிடித்து வந்ததும், புத்தளம் ஆஸ்பத்திரி வரைக்கும் டயனாவின் தலையை மடியில் வைத்திருந்ததும் அல்பொன்சா. வார்ட்டில் சிங்களத்தில் தாதியோடு கதைத்ததும் அவள்தான். பிள்ளை தங்கவில்லை. சேலையையும் பாவாடையையும் ஆஸ்பத்திரிக் குழாயடியில் கழுவிப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டு வந்ததும் அவள்தான்.

வீட்டுக்கு வந்த அன்று டயனா கிளைட்டனை அழைத்தாள். அழுதுகொண்டே, "பிள்ளை போயிட்டுது," என்றாள்.

மறுபக்கத்தில் அந்தக் கிழவர் ஏதோ கேட்டு முனகுவது மட்டும் கேட்டது. பிறகு கிளைட்டன் கேட்டான்:

"தானாப் போனதா, நீ போக்கினதா?"

அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியபோது எழுந்து நின்றுவிட்டாள்.

"என்ன கேட்கிறீங்க? அன்னம்மாள் கோவிலில முழங்காலில நிண்டு கேட்ட பிள்ளை…"

"ஹோட்டலுக்குப் போறதெண்டால் பிள்ளை இடைஞ்சல்தானே."

"யார் உங்களுக்கு இப்பிடிச் சொன்னது?"

"எனக்குத் தெரியும். உன்னைப் பற்றி எல்லாம் எனக்கு வந்து சேரும்."

"அல்பொன்சாவா? அவளா சொன்னவள்?"

ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல அவனுக்கு வேண்டிய நேரம் இருந்தது. கடைசியில் சொன்னான்: "பேர் என்னத்துக்கு? செய்தது நீ."

அன்று அந்த இடத்தில் அவன் 'இல்லை' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கதை இவ்வளவு நீண்டிருக்காது.

அவன் தாய்க்கும் சொன்னான். மக்தலேனா மருமகளோடு கதைப்பதை நிறுத்தினாள். மீன் கொடுப்பதை நிறுத்தினாள். கோவிலில் டயனா நற்கருணைக்கு எழுந்தபோது பக்கத்து மரவாங்கில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு அவள் எழுந்திருக்கவில்லை. எழாமல் இருந்ததே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் போயிற்று.

டயனா கட்டிலில் படுத்து யோசித்தாள். அன்று வீட்டில் யார் இருந்தது? ஒருவரும் இல்லை. யாருக்குத் தெரியும்? ஒரே ஒருத்திக்கு. முடி வெட்டும் ஆசை யாருக்குத் தெரிந்தது? அதே ஒருத்திக்கு. ஹோட்டல் கதை? அவள்தான் தொடங்கினாள். எந்தப் பக்கம் சுற்றினாலும் அல்பொன்சாவிடமே வந்து நின்றது. புருசன் இல்லாதவளுக்கு என் குடும்பத்தைக் கண்டால் எரியாதா என்று, மக்தலேனா சொல்லக்கூடிய ஒன்றை அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரம் அல்பொன்சா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கையில் சுடுதண்ணீர்ப் போத்தல். டயனா சாப்பிடுவதில்லை என்று ஹோட்டல் சமையல்காரரிடம் கேட்டு அதில் ஆட்டெலும்பு சூப் கொண்டு வந்திருந்தாள். பஸ் நிறுத்தத்தில் டயனா நின்றாள். 

"என்னடி, காற்றுக்குள்ள வந்து நிற்கிறாய்? இந்தா, சூடாய்க் குடி."

டயனா போத்தலைத் தட்டிவிட்டாள். அது தார் வீதியில் விழுந்து உருண்டது.

"என்ர மனுசனுக்கு என்ன சொன்னாய்? நான் பிள்ளையை அழிச்சனான் எண்டா சொன்னாய்?"

பஸ்ஸில் இருந்தவர்கள் தலையை வெளியே நீட்டினார்கள். அல்பொன்சா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"நானா? டயனா, உன்ர இரத்தத்தை இந்தக் கையாலதான் கழுவினன்."

"கழுவினதால உனக்குத்தான் தெரியும். வேற ஒருத்தருக்கும் தெரியாது."

"என்ர மரித்த அம்மா மேல சத்தியம்…"

"உன்ர சத்தியம் எனக்கு வேண்டாம். புருசனைத் தங்கவைக்கத் தெரியாதவளின்ர சத்தியம்."

அல்பொன்சா குனிந்து போத்தலை எடுத்தாள். மூடியைத் தேடி எடுத்துப் பூட்டினாள். பிறகு வீட்டுப் பக்கம் நடந்து போனாள்.

அதற்குப் பிறகு வேலியடி வெறுமையாகக் கிடந்தது. ஊர் டயனாவின் குற்றத்தோடு அல்பொன்சாவின் கோள் சொல்லும் வாயையும் சேர்த்துப் பேசியது. மழை தொடங்குவதற்கு முன்பே அல்பொன்சா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டபோது டயனாவுக்கு மனதில் ஒரு நிம்மதி வந்ததாம்.

கிளைட்டன் மன்னித்தான். அவன் அந்தச் சொல்லைத்தான் பாவித்தான். "மன்னிச்சிட்டன், இனியாவது ஒழுங்காய் இரு." டயனாவும் ஒழுங்காக இருந்தாள். செய்யாததற்கு மன்னிப்புப் பெற்றுக்கொண்டு வாழ்வதற்கு அவள் பழகினாள்.

பிறகு ஒரு நாள் போன் கை தவறிச் சீமெந்துத் தரையில் விழுந்து கண்ணாடி வெடித்தது. அதை மாற்ற நுரைச்சோலைச் சந்திக்கு வந்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் றைஸா புதுக் கண்ணாடி ஒட்டி, வேலை செய்கிறதா என்று பார்க்க பிரவுசரைத் திறந்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"அக்கா, கிளைட்டன் எண்டு இரிக்கு. ஒங்கட மாப்பிள்ளையா?"

"ஓம். ஏன்?"

"அவர்ட எக்கவுண்ட் இதுல ஓடுது. நீங்க எழுதுற எல்லாம் அவருக்கும் போகுமே. தெரிஞ்சுதான் வெச்சிரிக்கிறீங்களா?"

டயனா விளங்காமல் பார்த்தாள். றைஸா தன்னுடைய இரண்டு போன்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் 'வட்டிலப்பம்' என்று ஓர் இனிப்பின் பெயரை எழுதித் தேடினாள். கொஞ்சம் பொறுத்து, மற்றதில் பழைய தேடல்கள் என்ற இடத்தைத் திறந்து காட்டினாள். அங்கே 'வட்டிலப்பம்' இருந்தது.

"இஞ்ச எழுதினா அங்க விழும்."

"இத்தாலியிலயும் விழுமா?"

"எங்கயும் விழும் அக்கா. ஆள் எங்க இரிந்தா என்ன?"

டயனா கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள். "பழசு பார்க்க ஏலுமா?" என்று கேட்டாள். றைஸா எக்கவுண்டைத் திறந்து, விரலால் தள்ளிக்கொண்டே போகச் சொல்லிப் போனைக் கையில் கொடுத்தாள்.

அவள் தள்ளிக்கொண்டே போனாள். கணவாய்க் கறி, மழை, நவநாள் செபம். மாதங்கள் பின்னோக்கி ஓடின. அந்த நாள் வந்தது. 'கரு கலைப்பது எப்படி.' அதற்கு அடுத்ததாகவே, ஒரு விரல் இடைவெளி கூட இல்லாமல், 'மூன்றாம் மாதம் இரத்தம் பட்டால் என்ன செய்வது.'

இரண்டு வரியும் ஒரே திரையில் நின்றன. ஒன்றைப் பார்க்கிற கண் மற்றதைப் பார்க்காமல் போக வழியில்லை.

இன்னும் பின்னால் போனாள். காது வரைக்கும் வெட்டிய முடி. விருந்தினரோடு ஆங்கிலம். குதிகால் வெடிப்பு.

றைஸா ஏதோ பேசவேண்டும் என்பதற்காகச் சொன்னாள்: "அவர்ட தேடல் ஒண்டும் இதுல இல்ல அக்கா. எல்லாம் ஒங்கட. அவர் தன்ட வேலைக்கு வேற பிரவுசர் பாவிக்கிறார் போல." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. 

டயனா, "எனக்கும் வேற ஒண்டு போட்டுத் தாங்க," என்றாள்.

றைஸா நரிப் படம் போட்ட ஒன்றைப் போட்டாள். பெயர், எக்கவுண்ட் எதுவும் கேட்காமல் திறந்தது. மூடும்போது தேடியதையெல்லாம் தானாக அழித்துவிடும்படியும் செய்து கொடுத்தாள். "பழசைக் கழட்டவா?" என்று கேட்டாள். "வேண்டாம், கிடக்கட்டும்," என்றாள் டயனா.

வீட்டுக்கு வந்து பழைய பிரவுசரைத் திறந்தாள். தேடும் இடத்தில் எழுதினாள்: 'அல்பொன்சா ஒண்டும் சொல்லவில்லை.' தேடியது. யாரோ ஒரு பாடகியின் படங்கள் வந்தன. அடுத்து எழுதினாள்: 'பிள்ளை தானாகப் போனது.' அடுத்து: 'இரண்டாவது வரியை வாசித்தீங்களா?' அதற்கு இணையம் பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடம் ஒன்றைக் காட்டியது. மூன்றும் இத்தாலிக்குப் போய் விழுந்திருக்கும் என்று தெரிந்ததால் போனை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அன்று கிளைட்டன் அழைத்தான். அங்கே பனி பெய்கிறது என்றான். கிழவருக்குச் சளி என்றான். அம்மாவின் பிரஷர் மருந்து முடிந்துவிட்டதா என்று கேட்டான். வேறு ஒன்றும் இல்லை. மறுநாள் அவள் பழைய பிரவுசரைத் திறந்தபோது அவன் பெயர் அதில் இல்லை. யார் நீ, உள்ளே வர உன் விபரத்தைத் தா என்று அது கேட்டது. அவன் அங்கிருந்தே கடவுச்சொல்லை மாற்றிவிட்டான்.

அது ஒன்றுதான் அவன் கொடுத்த பதில்.

தலவிலத் திருவிழாவுக்கு அவன் லீவில் வந்தான். டயனா நேரடியாகக் கேட்டாள். கூரைத் தகரத்துக்குக் கீழே, பகல் வெக்கையில், இருவரும் மட்டும் இருந்தபோது.

"அண்டைக்கு ரெண்டு வரி இருந்தது. ரெண்டாவதை வாசிச்சீங்களா, இல்லையா?"

"நான் என்ன வேலைவெட்டி இல்லாதவனா, ஒவ்வொண்டா வாசிச்சுக்கொண்டு இருக்க?"

"முதலாவதை வாசிச்சீங்கதானே."

"முடிஞ்ச கதையைக் கிண்டாதே, டயனா. நான்தான் மன்னிச்சிட்டனே."

"நீங்க மன்னிக்க வேண்டாம். மாமிட்டச் சொல்லுங்க, நான் செய்யேல்ல எண்டு. அல்பொன்சா சொல்லேல்ல எண்டு. அது போதும்."

அவன் சேர்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனான்.

அவன் சொல்லமாட்டான் என்று விளங்கியதும் டயனா தானே போய் மக்தலேனாவின் முன்னால் நின்றாள். போன், எக்கவுண்ட், இரண்டு வரி எல்லாவற்றையும் முடிந்தவரை விளங்கச் சொன்னாள். மக்தலேனா கடைசி வரைக்கும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அவ்வளவு தூரத்தில இருந்தும் என்ர மகன் உன்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். எத்தனை பேருக்கு அப்பிடி ஒரு மனுசன் வாய்க்கும்?"

டயனா அதற்குப் பிறகு அந்தக் கதையை அந்த வீட்டில் எடுக்கவில்லை. கிளைட்டன் திரும்பிப் போனான். இப்போதும் அவர்கள் புருசன் பெண்சாதிதான். அவன் அழைக்கிறான், அவள் பேசுகிறாள். அவளுக்கு என்ன நோ என்று அவனுக்கு இப்போது தெரிவதில்லை, அவன் கேட்பதுமில்லை. நரிப் படம் போட்டதில் அவள் என்ன தேடுகிறாள் என்று நான் கேட்டேன். "ஒண்டும் பெரிசா இல்ல," என்றாள். "அதே கணவாய்க் கறிதான். ஆனா எழுத முதல் கை நிற்குது. எழுதினதைத் திருப்பி வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் தேடுறன். இது ஒருத்தருக்கும் சொல்லாது எண்டு தெரியும். தெரிஞ்சும் அப்பிடித்தான்."

அல்பொன்சாவின் குவைத் இலக்கத்தை அவளுடைய வீட்டார் கொடுக்கவில்லை. "உங்களுக்கு எதுக்கு?" என்று படலையைச் சாத்தினார்கள். டயனா கற்பிட்டிக்குப் போய், அந்த ஹோட்டல் சமையல்காரரைக் கண்டு, கெஞ்சி வாங்கினாள். அழைத்தபோது அல்பொன்சா எடுத்தாள். பின்னால் பாத்திரம் விழும் சத்தம். டயனா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். றைஸா, இரண்டு போன், வட்டிலப்பம், இரண்டு வரி. அழுதாள். மன்னிப்புக் கேட்டாள்.

அல்பொன்சா குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

"அப்ப, போன் சொன்ன பிறகுதான் நம்பினாய்."

"அல்பொன்சா…"

"நான் சொல்லேக்க நம்பேல்ல. ரோட்டில நிண்டு அம்மா மேல சத்தியம் பண்ணேக்கயும் நம்பேல்ல. அந்தக் கண்ணாடி உடையாமல் இருந்திருந்தால்?"

டயனா அவள் பெயரைத் திரும்பவும் சொன்னாள்.

"உன்ர மனுசன் ஒரு வரியை வாசிச்சிட்டு மற்றதை விட்டார்," என்றாள் அல்பொன்சா. "நீயும் அதைத்தானே செய்தாய்? சரி, எனக்கு உன்னில கோபம் இல்ல. பழையபடி இருக்க மட்டும் ஏலாது. இந்த வீட்டு மேடம் கூப்பிடுறா, நான் வைக்கிறன்."

அதன் பிறகு டயனா அழைக்கவில்லை. நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் வாழ்த்து அனுப்புகிறாள். வாசித்ததற்கு அடையாளமாகச் செய்திக்குக் கீழே இரண்டு சரிக்குறியும் நீலமாகின்றன. பதில் வருவதில்லை.